பட்டையை மாற்றுவதா, பழக்கத்தை மாற்றுவதா? கம்பத்தில் ஒரு ஹெரால்டு காரின் மறுபிறவி!

பழைய கார் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? காரை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்பார்கள். பானட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள். தரையில் ஒரு சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, காரின் அடிவயிற்றைப் பார்க்கிறவர்கள் அபூர்வம். ஆனால், ஒரு காரின் உண்மையான ஜாதகம் எழுதியிருப்பது அங்கேதான்!

கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கும் அந்த ஐம்பது வயதுக்காரரும் அப்படித்தான் இருந்தார். அவருடைய அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தென்னந்தோப்புக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் பல வருடங்களாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குள் அதை 'அய்யா காரு' என்பார்கள். அப்பாவின் காலத்துக்குப் பிறகு, 'இதைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டு வந்தால் என்ன?' என்று மகனுக்குத் தோன்றியது. பெயின்ட் அடிக்க வேண்டும், சீட் தைக்க வேண்டும், இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டும். அவருடைய கணக்கு அவ்வளவுதான். காருக்கு அடியிலும் பின்பக்க சஸ்பென்ஷனிலும் மட்டும் ஒரு வருடம் ஓடப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

சென்னையில் பிறந்த கார்

இன்றைய இளைஞர்களுக்கு ஹெரால்டு என்றால் யார் என்றே தெரியாது. அம்பாசடரும் ஃபியட்டும் இந்திய ரோடுகளை ஆண்ட காலத்தில், மூன்றாவதாக ஒரு கார் இருந்தது. அது நம்ம ஊர்க் கார். சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 1961 முதல் 1971 வரை ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. வண்டலூர் பக்கம் இருந்தது அதன் தொழிற்சாலை.

இதன் மூலம் இங்கிலாந்து. அங்கே ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனம் 1959-ல் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்று அறிமுகப்படுத்தியது. வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 948 சிசி இன்ஜின். முன்பக்கத்தை மட்கார்டோடு சேர்த்து அப்படியே முதலை வாயைப் பிளப்பதுபோலத் திறக்கலாம். 25 அடி அகலம் இருந்தால் போதும், வட்டமடித்துத் திரும்பிவிடும். இங்கிலாந்தில் இரண்டு கதவுகளோடுதான் வந்தது. நான்கு கதவு ஹெரால்டு நம்ம சென்னையின் சொந்தத் தயாரிப்பு. கம்பத்துக் கொட்டகையில் இருந்தது, 1960-களின் இறுதியில் வந்த அந்த நான்கு கதவு மாடல்தான்.

ஹெரால்டுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் எல்லாம் பாடியையும் சேஸிஸையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தபோது, இது மட்டும் தனி சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பாடியை உட்கார வைத்தது. காரணம் ஃபேஷன் இல்லை, நெருக்கடி. ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை, 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியைச் செய்து தர ஆள் இல்லாததால், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டும் காரை உருவாக்கினார்கள். அன்றைய அந்தச் சங்கடம், இன்று பழைய கார் பிரியர்களுக்கு வரமாகிவிட்டது. ஒரு பகுதி கெட்டால், அதை மட்டும் கழற்றி வேலை பார்க்கலாம்.

செங்கல்லை நம்பாதே!

கம்பத்தில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை. கம்பம், போடி, தேவாரம் பக்கமிருந்து தினமும் விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மூன்று வழிகளிலும் இடுக்கி மாவட்டத்துக்குள் போய், சாயங்காலம் இறங்குகிற வண்டிகள் அவை. அந்த ஜீப்புகளை உயிரோடு வைத்திருக்கும் கைகள் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு மூத்த மெக்கானிக்கைத்தான் உரக்கடைக்காரர் தேடிப் போனார். வயது அறுபதுக்கு மேல். ஜீப்பின் பட்டைச் சத்தத்தை வைத்தே எத்தனையாவது பட்டை உடைந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர் எனப் பெயர் வாங்கியவர்.

கொட்டகைக்கு வந்தவர், காரைப் பார்க்கவில்லை. முதலில் தரையைப் பார்த்தார். "தம்பி, மொதல்ல இந்த மண் தரைக்கு சிமென்ட் போடுங்க. அப்புறம் என்னையக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

உரக்கடைக்காரருக்குக் கோபம் வந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. காருக்கு அடியில் வேலை பார்ப்பதில் முதல் எதிரி துரு இல்லை, காரின் எடைதான். மண் தரையில் ஜாக்கி அமிழும், சாயும். ஹைட்ராலிக் ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு அல்ல. உள்ளே ஒரு சின்ன ரப்பர் வாஷர் கிழிந்தால் போதும், கார் மெதுவாகக்கூட இல்லை, சட்டென்று இறங்கும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நொறுங்கக்கூடியவை. கட்டை நல்ல கட்டையாக இருந்தாலும் அடுக்கு சரியாக இல்லையென்றால் உருளும்.

எனவே, சிமென்ட் தரை போடப்பட்டது. நான்கு இரும்பு ஸ்டாண்டுகள் வந்தன. காரைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்ததும் மெக்கானிக் செய்த முதல் வேலை, காரின் நான்கு மூலைகளையும் பிடித்துத் தன் முழு பலத்தோடு ஆட்டியதுதான். "நாம வெளிய நிக்கிறப்ப விழுந்தா காருக்குச் சேதம். உள்ள படுத்திருக்கப்ப விழுந்தா வீட்டுக்குச் சேதம்" என்றார்.

ஒழுகிய ஆயில் காப்பாற்றியது

அடியில் என்ன இருந்தது? கம்பம் பள்ளத்தாக்கே இருந்தது! வயல் சேறு, செம்மண், தார், பழைய ஆயில் என்று அடுக்கடுக்காகக் காய்ந்து இறுகிக் கிடந்தது. முல்லைப் பெரியாறு தண்ணீரில் இருபோகம் விளையும் பூமி இது. அந்த வயல் வரப்புகளில் ஓடிய காரின் அடியில் சேறு ஏறாமல் இருக்குமா?

வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டு போய் பிரஷரில் அடித்துவிடலாம் என்றார் உரக்கடைக்காரர். மெக்கானிக் தலையை ஆட்டினார். சேஸிஸ் என்பது பெட்டி மாதிரி நான்கு பக்கமும் மூடிய இரும்பு. துருப்பிடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், வெளியே வர வழி இருக்காது. அதனால், பட்டி வைக்கிற தகடு, உளி, கம்பி பிரஷ் கொண்டு கையாலேயே சுரண்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உரக்கடைக்காரரும் அவருடைய மகளும் சுரண்டினார்கள். கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிற பெண் அவர். தலையில் ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் காருக்கு அடியில் போனபோது, பாட்டி வாசலில் நின்று சத்தம் போட்டார். "பொம்பளப் புள்ளைய எங்கே கொண்டு போயி படுக்கப் போட்டிருக்கான் பாரு!"

சுரண்டி முடித்ததும் ஒரு வேடிக்கை தெரிந்தது. டிஃபரன்ஷியலில் இருந்து பல வருடங்களாக ஆயில் ஒழுகியிருக்கிறது. ஒழுகிப் பரவிய இடமெல்லாம் இரும்பு புதுசு போல இருந்தது. ஆயில் படாத இடங்களில், குறிப்பாக சேஸிஸின் பக்கவாட்டில் பாடியைத் தாங்குவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில், துரு தின்று தீர்த்திருந்தது. ஆனால், அதே ஆயில் ரப்பர் புஷ்களை ஊற வைத்து, கையால் பிய்த்தால் களிபோல வரும்படி செய்திருந்தது. காருக்கு அடியில் டீசலும் பழைய ஆயிலும் அடிக்கும் பழக்கம் நம் ஊரில் ரொம்ப நாளாக உண்டு. இரும்புக்கு அது நல்லது, ரப்பருக்கு அது விஷம்.

ணங்கா, பொத்தா?

அடுத்தது சுத்தியல் வைத்தியம். சிறு சுத்தியலால் சேஸிஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார் மெக்கானிக். 'ணங்' என்றால் நல்ல இரும்பு. 'பொத்' என்றால் உள்ளே எதுவும் இல்லை. பொத்தென்ற இடங்களில் எல்லாம் மகள் சாக்பீஸால் வட்டம் போட்டார். இரண்டு இடங்களில் சுத்தியலே உள்ளே போய்விட்டது. யாரோ எப்போதோ இரும்புக்குப் பதிலாகச் சாக்கையும் பட்டியையும் வைத்து அடைத்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள்.

வெல்டிங்குக்கு முன்பாக டிக்கியில் இருந்த பெட்ரோல் டேங்கைக் கழற்றி, கொட்டகையை விட்டே தூரமாகக் கொண்டு போய் வைத்தார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். பிறகு, கெட்டுப்போன கைகளை ஒவ்வொன்றாக வெட்டி, புதுத் தகட்டை மடக்கிப் பற்றவைத்தார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவில்லை. ஒவ்வொரு முறை வெட்டுவதற்கு முன்பும் கதவு இடுக்கை அளந்து குறித்துக்கொண்டார்கள். தாங்குகிற கையை வெட்டும்போது பாடி ஒரு நூல் இறங்கினாலும், பிறகு அந்தக் கதவு ஆயுசுக்கும் ஒழுங்காக மூடாது.

சுத்தமான இரும்பின் மேல் ரெட் ஆக்சைடு, அதன் மேல் பெயின்ட், கடைசியில்தான் அண்டர்கோட்டிங். இந்த வரிசையைப் பலரும் மாற்றிவிடுகிறார்கள். துருவின் மேலேயே தார் போன்ற கோட்டிங்கை அப்பிவிட்டால், வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, துரு நிம்மதியாகத் தன் வேலையைச் செய்யும். சேஸிஸின் அடியில் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனி விட்டிருந்த ஓட்டைகளை, கம்பி விட்டுத் திறந்து வைத்தார் மெக்கானிக். "இந்த ஓட்டைய அடைக்கிறது, வீட்டு ஜலதாரைய அடைக்கிற மாதிரி" என்றார்.

குறுக்கே கிடக்கும் வில்

கடைசியாக வந்தது பின்பக்க சஸ்பென்ஷன். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது.

ஜீப்பிலும் அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்பக்கம் ஒரே நீளமான ஆக்சில். இரண்டு பக்கமும் இரண்டு பட்டைக் கட்டுகள், காரின் நீளவாக்கில் இருக்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. ஒரே ஒரு பட்டைக் கட்டுதான். அதுவும் காரின் குறுக்கே, வில்லைப் படுக்கப் போட்டதுபோல, டிஃபரன்ஷியலின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். அதன் இரண்டு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். ஆக்சிலும் ஒன்றல்ல, இரண்டு துண்டு. டிஃபரன்ஷியலின் பக்கத்தில் மட்டும் ஒரு மூட்டு வைத்து, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். 'ஸ்விங் ஆக்சில்' என்று பெயர். சொகுசுக்கு நல்லது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்றுக்குத் தெரியாது.

ஆனால், ஒரு குணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கைகளைப் போலீஸ்காரர் 'நில்' என்று காட்டுவதுபோல நிமிர்த்துங்கள். உள்ளங்கைகள்தான் சக்கரம், தோள்தான் டிஃபரன்ஷியல். மணிக்கட்டை அசைக்காமல் கைகளைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். உள்ளங்கையின் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்குகிறதா? காரின் பின்பக்கம் மேலே எழும்பும்போது ஹெரால்டின் சக்கரங்களுக்கு நடப்பதும் அதுதான். வளைவில் வேகமாகத் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும். அந்த நொடியில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

இது ஹெரால்டின் பிரச்னை மட்டுமில்லை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இதே ஸ்விங் ஆக்சில்தான் இருந்தது. அமெரிக்காவில் செவர்லே கோர்வேர் காரின் பின்பக்க சஸ்பென்ஷனைப் பற்றி, ரால்ஃப் நேடர் 1965-ல் ஒரு புத்தகத்தின் முதல் அத்தியாயமாகவே எழுதி நாட்டையே உலுக்கினார். கார்ப் பாதுகாப்பு பற்றிய பேச்சை அங்கே வீட்டுக்கு வீடு கொண்டு போனது அந்தப் புத்தகம்தான். இங்கிலாந்தில், ஹெரால்டின் உறவுக்காரக் காரான ஸ்பிட்ஃபயரில், 1970-ல் பட்டைகளைக் கட்டும் முறையையே மாற்றிச் சரிசெய்தார்கள். சென்னையில் இன்னும் எளிதாக முடித்துவிட்டார்கள். ஹெரால்டுக்கு அடுத்து 1970-களின் தொடக்கத்தில் வந்த 'கெஸல்' காரில், ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிவிட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒற்றை ஆக்சிலையே போட்டுவிட்டார்கள். இந்திய ஓனர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்சில் பிடிக்கவில்லை என்பதே காரணம்.

"கம்பெனிக்காரனே வேணாம்னு தூக்கிட்டான். நீங்க எதுக்குத் தம்பி கட்டிக்கிட்டு அழுகுறீங்க? நல்ல ஃபியட்டு ஆக்சில் ஒண்ணு பாத்து, ரெண்டு பக்கமும் பட்டை வச்சுக் கட்டிருவோம். ஜென்மத்துக்கும் தொல்லை இல்ல" என்றார் மெக்கானிக்.

"அண்ணே, அப்படிப் பண்ணா அது அய்யா காரு இல்லண்ணே."

"மலையில போயி மடங்குச்சுன்னா அய்யாவா வந்து தூக்குவாரு?"

அப்பத்தா சொன்ன கதை

மெக்கானிக் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால், திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியின் முகம் மாறிவிட்டது. அன்று ராத்திரி பேத்தி கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். பன்னீர் திராட்சைத் தோட்டம் செழிப்பாக இருந்த நேரம். டிக்கியிலும் பின் சீட்டிலும் திராட்சைக் கூடைகளை ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போவார் தாத்தா. ஒருநாள் மனைவியையும் ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டு போனார். கூடைகளை இறக்கிவிட்டு, வெறும் காரோடு மலையிறங்கினார்கள். தூறல். லோயர் கேம்ப்புக்கு மேலே ஒரு வளைவில், காரின் பின்பக்கம் திடீரென்று எழும்பியதுபோல இருந்தது. அடுத்த நொடி கார் குறுக்காகத் திரும்பிக் கைப்பிடிச் சுவரில் இடித்து நின்றது. யாருக்கும் காயமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவுமில்லை.

"அன்னிக்கு ஒங்க தாத்தாவ நான் பேசாத பேச்சு இல்ல. புள்ளைய வச்சுக்கிட்டு இப்புடியா ஓட்டுவன்னு கேட்டேன். அந்த மனுசன் ஒத்த வார்த்தை பதில் பேசல. அதுக்கப்புறம் அந்தக் காரு மலையேறவே இல்ல" என்றார் பாட்டி.

உரக்கடைக்காரருக்கு அந்தச் சம்பவம் நினைவில்கூட இல்லை. அப்பாவுக்கு மலைப்பாதை என்றால் பயம், அதனால்தான் குமுளிக்கு எப்போதும் பஸ்ஸில் போனார் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தார்.

ஒட்டுப் பட்டை

ஆக்சிலை மாற்றுவதா, வேண்டாமா என்று முடிவாகாமலேயே பட்டைக் கட்டை இறக்கினார்கள். இது ஆபத்தான வேலை. ஹெரால்டில் சக்கரம் ஒரு அளவுக்கு மேல் கீழே இறங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக் அப்சர்பர்தான். அதைக் கழற்றும் முன்பாக அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கவில்லை என்றால், மடங்கியிருக்கும் பட்டை மொத்த பலத்தோடு விரியும். கை, கால் எது குறுக்கே இருந்தாலும் போய்விடும். ஜாக்கியைக் கொடுத்து, ஒரு பக்கம் முடித்து, மறு பக்கம் முடித்து, நிதானமாக இறக்கினார் மெக்கானிக்.

தரையில் போட்டுப் பட்டைகளைப் பிரித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு பட்டையை மட்டும் தனியாக எடுத்து, "இது இந்தக் காரோடது இல்ல" என்றார்.

அகலம் வேறு, கனம் வேறு. ஏதோ ஒரு ஜீப்பின் பட்டையை வெட்டி, சென்டர் போல்ட்டுக்கு ஓட்டை போட்டு உள்ளே சொருகியிருந்தார்கள். திராட்சைக் கூடையின் பாரத்தில் பின்பக்கம் உட்கார்ந்து, சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். ஏதோ ஒரு பட்டறையில், 'ஒரு பட்டை கூடப் போட்டா சரியாப் போயிரும்' என்று செய்து கொடுத்திருக்கிறார்கள். பாரம் இருந்தவரை சரியாகத்தான் இருந்திருக்கும்.

பாரம் இறங்கியதும்? பட்டை காரின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும். நீட்டிய கைகள் ஏற்கெனவே கீழே இறங்கிய நிலை. சக்கரத்தின் அடிப்பக்கம் முன்கூட்டியே உள்ளே மடங்கியிருக்கும். அதோடு இறக்கம். வளைவுக்குள் போய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், எடை முன்பக்கம் சாய, பின்பக்கம் இன்னும் கொஞ்சம் எழும்பும். ரோடு வேறு ஈரம்.

"காருக்குப் பலம் சேக்குறோம்னு நெனச்சுத்தான் போட்டிருப்பாங்க. இந்தக் காருக்கு அந்தப் பலம்தான் எமன். ஒங்கய்யா மேல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணல தம்பி" என்றார் மெக்கானிக். ஓட்டியவர் இல்லை, அன்று பார்த்தவர் இல்லை. அதனால், இதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால், கையில் பட்டை இருந்தது.

சாயங்காலம் அந்தப் பட்டையைக் கொண்டு போய் அம்மாவிடம் காட்டினார் மகன். பாட்டி அதைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "அந்த மனுசனுக்கே இது தெரியாம போயிருச்சே" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு முறை இறக்கி, இரண்டு முறை ஏற்றி

ஆக்சிலை மாற்றும் பேச்சு அதோடு நின்றுபோனது. தப்பு காரின் மேல் பாதிதான், ஒட்டுப் பட்டையின் மேல் பாதி என்று தெரிந்த பிறகு, மெக்கானிக்கே மனசு மாறினார். இன்னொரு நியாயமும் இருந்தது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டு வந்த விதிகளின்படி, 50 வயதைத் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும். ஆனால், சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல், வாகனம் பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். அப்படிப் பதிவான காரை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். அந்தப் பதிவு வேண்டுமா, வேண்டாமா என்பது பிறகு முடிவு செய்ய வேண்டியது. சேஸிஸை வெட்டி வேறு ஆக்சில் பொருத்திவிட்டால், முடிவு செய்ய எதுவும் மிஞ்சாது.

பட்டைக் கட்டு தேனிக்குப் போனது. லாரிப் பட்டைகளைச் சரிசெய்யும் பட்டறை அது. ஒட்டுப் பட்டையை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைச் சூடு காட்டாமல், குளிர்ந்த நிலையிலேயே சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றினார்கள். ஸ்பிரிங் இரும்பைக் காய்ச்சி அடித்தால் சுலபமாக வளையும். ஆனால், அதைத் திரும்பப் பதம் பிடிப்பது கொல்லன் கைக்கு எட்டாத அளவுக்கு நுணுக்கமானது. பதம் தப்பினால், ஒன்று தொய்யும், இல்லை ஒடியும்.

லாரிக்காரர்களின் கை அல்லவா, முதல் முறை வளைவு கூடிப்போனது. மாட்டிப் பார்த்தால், காரின் பின்பக்கம் சண்டைக்கு நிற்கும் சேவல்போல நின்றது. மறுபடியும் இறக்கினார்கள், மறுபடியும் தேனி. இரண்டாவது முறை, முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பின் சக்கரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக, மேல்பக்கம் துளி உள்ளே சாய்ந்து நிற்கும் அளவுக்கு வந்தது. அதைத்தான் மெக்கானிக் எதிர்பார்த்தார்.

பேரிங்குகளின் மேலிருந்த எண்ணை வைத்து மதுரையில் புதுசு வாங்கினார்கள். நைலான் புஷ்களை லேத்தில் கடைந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களுக்கு இன்றும் புது பாகங்கள் செய்து விற்கிறார்கள் என்பதால், ரப்பர் புஷ்கள் கடல் கடந்து வந்தன. "இந்தக் காசுக்கு ஒரு பசுமாடு வாங்கியிருக்கலாம்" என்றார் உரக்கடைக்காரரின் மனைவி. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்காமல் விட்டுவிட்டு, காரைத் தரையில் இறக்கினார் மெக்கானிக். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ரப்பர் புஷ்ஷை இறுக்கினால், கார் இறங்கியதும் அது முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரமே கிழியும். நான்கு சக்கரத்திலும் கார் நின்று, எடை இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். புதுக் காருக்கும் பொருந்தும் பாடம் இது.

மலைக்கு ஒரு சட்டம்

கார் தயாரானதும், மகளுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து வகுப்பெடுத்தார் மெக்கானிக். "வளைவுக்கு முன்னாடியே பிரேக்கப் புடிச்சு, கியரக் கொறச்சிருங்க. உள்ள போயிட்டா காலை வெடுக்குனு எடுக்கக் கூடாது, பிரேக்கும் கூடாது. ஆக்ஸிலேட்டர மெதுவா, ஒரே சீரா குடுத்துக்கிட்டே வெளிய வரணும். பின்னால பாரம் ஏத்தாதீங்க. மழைன்னா மலைக்குப் போகாதீங்க. காரு மாறல, நாமதான் மாறணும்."

முதல் சில வாரங்கள் உத்தமபாளையம், சின்னமனூர் என்று சமதளத்திலேயே ஓட்டினார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்து, போல்ட்டுகளைச் சரிபார்த்தார் மகள். டயர் தேய்மானத்தை உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று தடவிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வைத்தார். தேர்வுக்குப் படிப்பதைவிட இதைத்தான் ஒழுங்காகச் செய்கிறாள் என்று வீட்டில் புகார்.

மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குமுளிக்குக் கிளம்பினார்கள். மகள் ஓட்ட, அப்பா பக்கத்தில். கிளம்பும்போது யாரும் கூப்பிடாமலேயே பாட்டி வந்து பின்கதவைத் திறந்தார். "ஆத்தா, நீ வர்றியா?" என்று மகன் திகைத்தார். "நான் ஒண்ணும் பாரமில்லல்ல?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார் பாட்டி.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், பாட்டியின் கை முன்சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது. ஏறும்போது ஒன்றும் பேசவில்லை. திரும்பி இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன்னால், "மெதுவாத் தாயி" என்றார். பேத்தி அதற்கு முன்பே பிரேக்கைப் பிடித்து, கியரைக் குறைத்திருந்தாள். கார் வளைவில் சீராகத் திரும்பி வெளியே வந்தது.

"இந்த எடந்தான்" என்றார் பாட்டி. அதன் பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கீழே பச்சையாக விரிந்து கிடந்த பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தார்.